முடிக் கணக்கு

நம் ஊர் அம்மாக்களுக்குத் தனி போட்டோ கிடையாது. கல்யாணம், சீமந்தம், காதுகுத்து என்று யார் வீட்டு விசேஷத்திலாவது இரண்டாவது வரிசையில் நிற்பார்கள். கேமரா கிளிக் ஆகிற நேரம் பார்த்துப் பக்கத்துக் குழந்தைக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஆதார் அட்டையில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போட்டோ அல்ல, போலீஸ் தேடும் முகம்.

அதனால் திடீரென்று ஒருநாள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டுமென்றால், யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ அம்மாவை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு போட்டோஷாப் தெரியும் என்ற ரகசியம் நண்பர்கள் வட்டாரத்தில் கசிந்துவிட்டதால் இந்த வேலை அவ்வப்போது என்னிடம் வரும். கூலி, ஒரு காபி.

சமீபத்தில் ஒரு நண்பர் பென் டிரைவோடு வந்தார். ரிசப்ஷன் படம். அம்மாவுக்கு முக்கால்வாசி நரை. பின்னால் சிவப்பு வெல்வெட் திரை. பக்கத்தில் ஃபேன் ஓடியிருக்க வேண்டும், நெற்றியிலும் காதோரத்திலும் முடி பறக்கிறது. நண்பர் ஏற்கெனவே போனில் ஒரு தட்டு தட்டி வெட்டிப் பார்த்திருந்தார். 2022-லிருந்து ஐபோனில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே ஆள் தனியாகக் கழன்று வருவார். வந்திருந்தார். ஆனால் பறந்த முடியெல்லாம் வழித்தெடுக்கப்பட்டு, நரைக்கு ஹெல்மெட் மாட்டிய மாதிரி.

"எல்லாம் கரெக்டாதான் சார் இருக்கு. ஆனா அம்மா மாதிரி இல்லை. அவங்க என்னிக்கு சார் தலை கலையாம இருந்திருக்காங்க?"

நியாயமான கேள்வி.

ஒரு டிபன் பாக்ஸை வெட்டி எடுப்பது சுலபம். பென் டூலை எடுத்து ஓரமாகவே கோடு போட்டால் முடிந்தது. தலைமுடிக்கு ஓரமே கிடையாது. தூரத்தில் நிற்பவரின் ஒற்றை முடி பெரும்பாலும் ஒரு பிக்சலைவிட மெலிசு. ஆகவே அந்த பிக்சலில் முடியும் இருக்கிறது, பின்னாலிருக்கும் திரையும் இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இது பார்ட்னர்ஷிப் கணக்கு. முடிக்கு 40 சதவிகிதம், திரைக்கு 60. வெட்டுவது என்று சொல்கிறோமே தவிர, நிஜத்தில் செய்வது பாகப்பிரிவினை.

இந்தப் பங்கைக் குறித்துவைக்கும் இடத்துக்கு ஆல்ஃபா சானல் என்று பெயர். 1970-களில் எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் நியூயார்க்கில் கண்டுபிடித்தது. பிற்பாடு பிக்ஸார் கம்பெனியைத் தொடங்கியவர்களும் இவர்கள்தான். 0 என்றால் முழுக்கத் திரை, 255 என்றால் முழுக்க முடி. நடுவில் இருப்பவைதான் தலைவலி.

எவ்வளவு தலைவலி என்பதை 1996-ல் இதே ஸ்மித்தும் ஜிம் பிளின் என்பவரும் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். ஒரு பிக்சலைப் பற்றி நமக்குத் தெரிந்தது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். தெரியாதது ஏழு: முடியின் மூன்று, திரையின் மூன்று, பங்கு ஒன்று. மூன்று ரசீதை வைத்துக்கொண்டு ஏழு கணக்கை டேலி பண்ணச் சொல்வது மாதிரி. இதற்குச் சரியான விடை ஒன்றும் சொன்னார்கள். நிறம் தெரிந்த இரண்டு வெவ்வேறு திரைகளுக்கு முன்னால் அதே ஆளை அசையாமல் வைத்து இரண்டு படம் எடுத்துவிட்டால் கணக்கு பைசா சுத்தமாக டேலி ஆகிவிடும்.

நண்பரின் அம்மாவை இன்னொரு தரம் திரை முன்னால் நிற்க வைக்க முடியாது.

ஆகவே குறுக்கு வழி. படத்தின் சிவப்பு சானலை மட்டும் பார்த்தால் நரையும் வெளுப்பு, திரையும் வெளுப்பு. உதவாது. நீல சானலில் திரை கறுத்துவிட, நரை மட்டும் மின்னுகிறது. அதை நகலெடுத்து, லெவல்ஸில் கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கி, அதையே மாஸ்க்காகப் போட வேண்டும். ரொம்ப இழுத்தால் முடி கம்பியாகிவிடும். முகத்துக்கும் புடவைக்கும் பென் டூல்தான். கடைசியில் வெளிர்நீலத்தின் மேல் வைத்துப் பார்த்தால் முடி ஓரமெல்லாம் செம்பட்டை. திரை போன பிறகும் அதன் சாயம் போகவில்லை. அதன் மேல் கலர் மோடில் ஒரு லேயர் போட்டு, உள்முடியின் சாம்பல் நிறத்தையே எடுத்துப் பூச வேண்டும். இன்றைய போட்டோஷாப்பில் முடிக்கென்றே ஒரு பட்டன் உண்டு. பாதி வேலையை அது செய்யும். எந்த முடி போனால் அம்மா அம்மாவாக இருக்க மாட்டார் என்பது அதற்குத் தெரியாது.

தோளில் ஒரு பிரச்னை. யாருடைய கையோ, நான்கு விரல்கள். அதை எடுத்தால் அடியில் புடவை இருக்காது, ஓட்டைதான் இருக்கும். கேமரா பார்க்காத இடம் அது. வேறிடத்துப் புடவையை ஒட்டி மூடலாம். கேட்டேன். நண்பர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

"இருக்கட்டும் சார். பெரியம்மா கைதானே."

இரண்டு மணி நேர வேலை. போஸ்டரில் அந்த முடிகள் பறந்தன. தெருவில் போகிறவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டியவர் கவனித்தார்.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை வாசலுக்குக் கூப்பிடுங்கள். நரை என்றால் கருமையான கதவு, கறுப்பு முடி என்றால் சுண்ணாம்புச் சுவர் பின்னால் இருக்கட்டும். ஒட்டி நிற்க வேண்டாம், நாலடி முன்னால் தள்ளி நிற்கட்டும். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். "எதுக்குடா இப்ப?" என்று கேட்பார்கள். "சும்மாதாம்மா" என்று சொல்லிவிட்டு எடுங்கள். ஒரு படம் போதும்.

தலையை வாரிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள்.