கடலோரமா ஒரு கல்யாணம்!

'அவுட்டோர் கல்யாணம்' என்றால் இப்போதெல்லாம் ஈ.சி.ஆர்.தான். புல்தரை, வெள்ளைத் துணித் தோரணம், பின்னால் அலை. வாடகையைக் கேட்டால் நமக்கும் லேசாகத் தலை சுற்றும்!

நண்பரும் அப்படி ஒரு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தார். அவர் வீடு திருவொற்றியூர், தேரடிப் பக்கம். மாப்பிள்ளை வீடு அடையாறு. "நம்ம ஏரியாவுக்குக் கூப்பிட்டா மூக்கைப் பொத்திக்குவாங்கடா" என்பது அவர் கவலை. மகள்தான் குறுக்கே நின்றாள்.

"பொறந்த ஊரை ஒளிச்சு வெச்சுட்டு என்னை மட்டும் காட்டணுமாப்பா? கடல் நம்மகிட்டயும்தானே இருக்கு? ஒரு நாள் சுத்திப் பார்ப்போம். கிடைக்கலைன்னா நீங்க சொல்ற இடம்."

ஒரு ஞாயிறு காலை ராயபுரத்தில் ஆரம்பித்தோம். நண்பர், மனைவி, மகள், நடுவராக நான்.

கடல் இருந்தது, கடற்கரையைத்தான் காணோம்! கருங்கல் கொட்டிய சுவர், அதில் மோதும் அலை, அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் அதில் முட்டி நின்று, மெரினா அகலமானது. மணல் வராத வடக்கே கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. அதாவது, மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது நம்ம ராயபுரத்து மணலில்!

"அப்ப அவங்ககிட்ட வாடகை வாங்கணும்" என்றாள் பெண்.

1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்ததும் போட்டோவுக்கு ஆசைப்பட்டாள். பந்தி போட முடியாதே! அடுத்தது ராபின்சன் பூங்கா. இன்று அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். திறந்தவெளி விழா என்றதும் "மழை வந்தா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அதே அண்ணா 1967-ல் முதல்வரானதும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டம் வந்தது. உறவும் நட்பும் பார்க்க மாலை மாற்றினாலே போதும். மண்டபம் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றேன். நண்பர் முறைத்தார்.

காசிமேட்டில் வண்டி நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமையாச்சே, பாதிச் சென்னை மீன் கூடையோடு நின்றது. மீன் விருந்து போடுகிறவர்கள் ஒன்று கவனிக்கவும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரம் விலை கேட்டால் சம்பந்தி சைவமாகிவிடுவார்!

திருவொற்றியூர் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கல்யாண விஷயத்தைச் சொன்னோம். அவர் இடம் சொல்லவில்லை, நேரம் சொன்னார்.

"காத்தால தரைக்காத்து, சார். மணலி கம்பெனி வாசனை ஓசில வரும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து திரும்பிடும். சாயங்காலம் வெச்சுக்கோ, சிலுசிலுன்னு இருக்கும்."

எந்த ஈவென்ட் மேனேஜர் சொல்வார் இதை?

தியாகராஜர் கோயிலுக்குப் போனோம். இங்கேதான் சுந்தரர் சங்கிலியாரை மணந்தார். "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்யவேண்டும். சந்நிதியில் செய்தால் கட்டுப்படவேண்டுமே! அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவனோ சங்கிலியார் கனவில் வந்து, "மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார், பிறகு சத்தியத்தை மீறி ஊரைவிட்டுக் கிளம்பியதும் கண் பார்வை போனது. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. அவுட்டோரில் கொடுத்த வாக்கும் வாக்குதான், மாப்பிள்ளைகளே!

கடைசியாக எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அகலமான நீர், பறவைகள், தூரத்தில் புகைபோக்கிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்துவந்து படிந்தது இங்கேதான். அதே மாதம் 26-ம் தேதி இரவு, கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நண்பரின் மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை. "இவங்க மூச்சு முட்டுன இடத்துல நாம போட்டோ புடிச்சுட்டுப் போறதா? வேணாம்" என்றார். மகளும் தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது மணி ஐந்து. அவர்கள் தெருவில் இறங்கினோம். கடல்காத்து முகத்தில் அடித்தது. திண்ணைப் பாட்டி "பந்தக்கால் எப்பம்மா?" என்று கேட்டார். பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

முடிவாகிவிட்டது. காலையில் கோயிலில் முகூர்த்தம். சாயங்காலம் வாசலில் தெரு அடைத்துப் பந்தல், சீரியல் பல்பு, மேளம். போலீசிலும் மாநகராட்சியிலும் அனுமதி வாங்கவேண்டும், அவ்வளவுதான். நடக்க முடியாத பாட்டி திண்ணையிலிருந்தே அட்சதை போடலாம். எந்த ஈ.சி.ஆரில் கிடைக்கும் இந்த வசதி?

அடையாறுக்குப் போன் போட்டார் நண்பர். காற்று, வாசனை, மழை என்று பத்து நிமிஷம் சமாதானம் சொன்னார். சம்பந்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்:

"மெட்ரோவுல எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?"