மறுநடவும் முதுமரமும்

லுக்குட்டைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தலைமுறைக்கு மறுநடவின் கணக்கு நன்கு தெரியும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் சுரந்த மரத்தைச் சாய்த்துக் கன்று நட்டால், அக்கன்று கத்தியைத் தாங்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். ஆதலின் தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் சாய்க்க எந்த நிருவாகமும் எளிதில் துணியாது. ஒரு பகுதியில் கன்று வளரும். மறுபகுதியில் முதுமரம் பால் தரும். கன்றுக்கு உரம் வாங்கும் பணம் முதுமரத்திலிருந்தே வரும்.

அத்தோட்டங்களுள் பல பின்னர் செம்பனைக்கு மாறின. மக்களும் நகரங்களை நாடினர். எனினும், மாலை வேளையில் தோட்டத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்களின் காற்பந்துப் பற்று குன்றவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலக் குழு தோற்கும் போதெல்லாம், "கிழடுகளை வெளியே அனுப்புங்கள், பையன்களை இறக்குங்கள்" என்னும் குரல் தேநீர்க் கடைகளில் எழும். மறுநடவுக் கணக்கை அறிந்தவர்களின் பிள்ளைகளே இவ்வாறு பேசுவதுதான் வியப்பு.

இக்குழு 1948ஆம் ஆண்டில் மலேசியக் கிண்ணத்தை வென்றது. அடுத்த வெற்றிக்கு 61 ஆண்டுகள் காத்திருந்து, 2009இல் கிளந்தானை 3-1 என வீழ்த்தியது. 2010இல் அதே கிளந்தானிடம் இறுதியாட்டத்தில் தோற்றது. 2011இல் மூன்றாம் முறையாகத் தொடர்ந்து இறுதியாட்டத்துக்கு வந்தது. ஷா ஆலாம் அரங்கில் எதிரே நின்ற குழு திரெங்கானு.

முதல் கோல் திரெங்கானுவுடையது. ஆட்டம் முடியப் பத்து நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில் எஸ். குணாளன் சமன் செய்தார். அவருக்கு அப்போது வயது 25. சில நிமிடங்களுக்குள் வெற்றிக் கோலை அடித்தவர் ஹைருடின் ஓமார். அவருக்கு வயது 32. அவரே திரெங்கானு மாநிலத்துக்காரர். ஓட்டம் குறைந்துவிட்டது என்று அவரை முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கிண்ணம் எங்கே போயிருக்கும்? குணாளனை இன்னும் முதிரட்டும் என்று இருக்கையிலேயே அமர்த்தியிருந்தால், வென்று தரும் வாய்ப்பு ஹைருடினுக்குத்தான் வாய்த்திருக்குமா?

இளைஞர் கட்சியினர் இதற்கு மறுமொழியாகக் கே. ராஜகோபாலின் பெயரைச் சொல்வர். அதில் நியாயமுண்டு. 2007 ஆசியக் கிண்ணத்தில், சொந்த மண்ணில், தேசியக் குழு மூன்று ஆட்டங்களில் 12 கோல்களை வாங்கியது. பின்னர்ப் பொறுப்பேற்ற ராஜகோபால், 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்ற 23 வயதுக்குட்பட்டோரை அடித்தளமாகக் கொண்டு தேசியக் குழுவைக் கட்டினார். 2010 தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோல்வி! அன்று அவர் மீது விழுந்திருக்கக்கூடிய சுமையை எண்ணிப் பாருங்கள். அவர் கன்றுகளைப் பிடுங்கவில்லை. அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றின் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வென்று, மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது.

ஆயினும், அந்த நான்கு கோல்களில் மூன்றை அடித்த சாஃபி சாலி 26 வயதினர். அவருடன் அம்ரி யஹ்யா 29 வயதில் ஆடினார். ராஜகோபால் நட்டார், ஆனால் எல்லாவற்றையும் சாய்க்கவில்லை. அவரைப் புகழ்வோர் ஏனோ இதைச் சொல்வதில்லை.

மூத்த ஆட்டக்காரரை நன்றிக்காக வைத்துக்கொள்வது வேறு; வேலைக்காக வைத்துக்கொள்வது வேறு. முன்னது அவருக்கே இழிவு. வயது ஏறும்போது இடம் மாற்றித் தரலாம். விரைந்தோடும் விங்கராகப் புகழ்பெற்ற குணாளன், பின்னாளில் ஜோகூர் டாருல் தாசிம் குழுவில் வலப்புறத் தற்காப்பாளராகவும் நெடுங்காலம் ஆடினார். அவரை அங்கே நிறுத்திப் பார்த்த கண் பயிற்றுநருடையது. பயிற்றுநரின் தொழிலில் பாதி இதுதான்.

நெகிரி செம்பிலான் 2013 பருவத்தோடு சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. ஏற்றமும் இறக்கமுமாகக் காலம் கழிந்தது. கே. தேவனின் பயிற்சியில் 2021இல் பிரிமியர் லீக்கை வென்று மீண்டும் மேலே வந்து, 2022இல் சூப்பர் லீக்கில் நான்காம் இடம் பெற்றது. அக்குழுவில், சிரம்பானில் பிறந்த ஸகுவான் அடா இருந்தார். 2009இல் கிண்ணம் வென்ற குழுவின் இளையோருள் ஒருவர் அவர். 2022 ஆகஸ்டில் அவருக்கு 35 வயது நிறைந்தது.