டியூப் மட்டத்தின் இன்னொரு முனை

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சூடு தமிழ்நாட்டின் ஆசிரியர் அறைகளில் இன்னும் தணியவில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில், பேச்சு வழக்கில் ‘டெட்’டில், தேறியாக வேண்டும், ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம், அதற்குள் தேறாவிட்டால் வேலை இல்லை. இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள் கைடு வாங்கி அட்டை போட்டுப் படிக்கிறார்கள். இதை வைத்து எழுதலாம் என்று நாலு பேரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரான நண்பர் தர்மபுரியிலிருந்து கூப்பிட்டார். “பரீட்சை எழுதுற வாத்தியாருங்களையே பாத்துக்கிட்டிருக்கீங்க. எங்க பக்கம் வாங்க. பத்தாவதே எழுதாம கணக்கு நடத்துற அம்மா ஒருத்தர் இருக்காங்க.”

தர்மபுரி மாவட்டத்துக்கு மாற்றுப் பள்ளிகள் புதிதில்லை. நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் 2000இல் தொடங்கிய புவிதம் இருக்கிறது. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் அனுராதாவும் கிருஷ்ணாவும் தொடங்கிய துளிர் இருக்கிறது. இரண்டையும் தொடங்கியவர்கள் கட்டடக் கலை படித்தவர்கள். மாநில எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டம் இருக்கிறது. அங்கே 1972இல் டேவிட் ஹார்ஸ்பரோ நீல்பாக் பள்ளியைத் தொடங்கியபோது, பிள்ளைகளோடு சேர்த்து ஆசிரியர்களையும் அங்கேயே உருவாக்கினார். நான் போனது இவற்றைவிடச் சின்ன இடம். ராகிக் கொல்லைக்கு நடுவே ஓடு போட்ட சில கூடங்கள், ஒரு பட்டறை, ஒரு சமையற்கட்டு. அங்கீகாரம் கேட்டுக் கொடுத்த கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருப்பதால் பெயர் போட வேண்டாம் என்றார்கள். பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டிலிருந்து வருகிறார்கள்.

பாடத்திட்டத்தை வட்டம் வட்டமாக வரைந்து ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் நிறுத்தி வெகுநேரம் விளக்கினார்கள். அதைத் திருப்பிச் சொல்ல என்னால் ஆகாது. உங்களுக்கும் அது வேண்டியிருக்காது. எனக்குக் கேட்கத் தோன்றியது ஒரே கேள்விதான்: “இதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

பட்டறையைப் பார்த்துக்கொள்பவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து மோட்டார் வைண்டிங் கடை போட்டார். பள்ளியின் போர் மோட்டார் எரிந்துபோனதைப் பார்க்க வந்தவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை ஏன் இத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று கேட்டார்கள். பதில் சொல்ல மறுநாளும் வந்தார். இப்போது காந்தம், மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பெண் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்தவர். ஒரு கோடை விடுமுறைக்கு வந்தவர் திரும்பவில்லை. அவர் நீண்ட லீவில் இருப்பதாகத்தான் அவருடைய அம்மா உறவினர்களிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

இந்தப் பள்ளியிலேயே படித்த ஓர் இளைஞரும் இருக்கிறார். வெளியே போய் பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, டெட் இரண்டாம் தாளிலும் தேறித் திரும்பி வந்திருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அந்த வளாகத்தில் ஆசிரியர் அவர் ஒருவர்தான். அவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த யாரும் ஆசிரியர் இல்லை.

நண்பர் சொன்ன அம்மாவைப் பிள்ளைகள் ‘கொத்தனாரக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. பென்னாகரம் பக்கம் பிறந்தவர். எட்டாவது படிக்கும்போது நின்றுவிட்டார். கல்யாணமாகிப் புருஷனோடு பெங்களூர் போய், தகரக் கொட்டகையில் குடியிருந்து, பதினெட்டு வருடம் சித்தாள் வேலை பார்த்திருக்கிறார். புருஷனுக்கு இடுப்பு போன பிறகு இருவரும் ஊர் திரும்பினார்கள். இதையெல்லாம் அவர் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொல்லி முடித்துவிட்டார். வேலையைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் மாறியது.

“சித்தாளுன்னா கலவ போடணும், கல்லு எடுத்துக் குடுக்கணும், செவுத்துக்குத் தண்ணி ஊத்தணும். கரண்டியத் தொடக் கூடாது சார். தொட்டா சிரிப்பாங்க. ‘ஏன், நாளைக்கு நீயே வூடு கட்டப் போறியா’ம்பாங்க. ஆம்பளப் பையன் சித்தாளா வந்தா ரெண்டு வருசத்துல கொத்தனாரு ஆயிருவான். பொம்பள சாவுற வரைக்கும் சித்தாளுதான்.”

கரண்டியைத் தொட விடவில்லை. ஆனால் ஒரு சாமானை மட்டும் அவர் கையில் கொடுக்காமல் வேலை நடக்காது. அதுதான் டியூப் மட்டம். ஒளி ஊடுருவும் நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை இந்தத் தூணிலும் இன்னொரு முனையை அந்தத் தூணிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் சுவர் மறைத்தாலும் மூலை திரும்பினாலும் கவலையில்லை. கொத்தனார் ஒரு முனையைப் பிடித்தால் இன்னொரு முனைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் சித்தாள். “அவரு அங்கேர்ந்து ‘ஏத்து, எறக்கு’ன்னு கத்துவாரு. நான் ஏத்துவேன், எறக்குவேன். ஏன்னு சொல்ல மாட்டாரு. தண்ணி ஆடி நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்படித்தான் மொத்த வேலயும் கத்துக்கிட்டேன்.”

ஒரு பொங்கல் சமயத்தில் கொத்தனார்கள் ஊருக்குப் போய்விட, கழிவறைச் சுவர் ஒன்றை இவரே கட்டினார். மேஸ்திரி வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். ஒரு நூல்கூடச் சாயவில்லை. அன்றைக்கும் சித்தாள் கூலிதான் கொடுத்தார்.

பள்ளிக்கு அவர் வந்ததும் சித்தாளாகத்தான். புதுக் கூடம் ஒன்றை எலிப்பொறிக் கட்டு முறையில் கட்ட நினைத்தார்கள். கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை அது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல்லில் கால் பங்கு மிச்சமாகும், வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. ஊர்க் கொத்தனார் “இப்படி நிக்க வெச்சா செவுரு நிக்காது” என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். படத்தை வாங்கிப் பார்த்த சித்தாள் இரண்டு வரிசை வைத்துக் காட்டினார். சுவர் எழும்ப எழும்பப் பிள்ளைகள் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். கூடம் முடிந்தபோது, இங்கேயே இருந்துவிடுங்கள் என்று நடத்துபவர்கள் கேட்டார்கள்.

அவருடைய வகுப்பைப் பார்த்தேன். ஆட்டுக் கொட்டகைக்குத் தூண் நட்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தரை மட்டம் குறிக்க வேண்டும். முதலில் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். கயிற்றில் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே அளந்தார்கள். ஐந்தடி வந்தது. அடுத்து டியூப். இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நடந்தார்கள். குறித்த கோட்டின்படி பார்த்தால் கொட்டகையின் ஒரு பக்கம் நாலு விரல் இறங்கியிருந்தது. “தண்ணி ஏமாத்துதுக்கா” என்றான் ஒரு பையன். “தண்ணிக்கு ஏமாத்தத் தெரியாது” என்றார் அவர்; அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழாயின் நடுவில் காற்றுக்குமிழ் ஒன்று உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சொல்லிவிட நாக்கு துடித்தது. பிள்ளைகள் தூணைத் திட்டினார்கள், ஒருவரையொருவர் திட்டினார்கள், மறுபடி அளந்தார்கள். கடைசியில் ஒரு சிறுமி குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்க் குமிழைக் கண்டுபிடித்துத் தட்டித் தட்டி மேலே ஏற்றினாள். கோடு சரியாக வந்தது.

எப்படிப் பொறுமையாக இருந்தீர்கள் என்று கேட்டேன். “எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். அதனால பசங்க கண்ணு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும் சார். கொழாயப் பாக்க ஆரம்பிச்சிட்டா கண்டுபிடிச்சிரும்னு தெரியும். தூணையே பாத்துக்கிட்டிருந்தாத்தான் வாயத் தொறப்பேன்.” பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறை என்று ஒரு தாளே இருக்கிறது. அதில் நான் கேட்ட எந்த விரிவுரையும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. அடுத்த பாடவேளையில் டெட் தேறிய இளைஞர் ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து என்று பலகையில் எழுதி, பிதாகரஸ் தேற்றத்துக்குள் போனார். “அக்கா கயிறு போட்ட பிறகுதான் நான் சாக்பீஸ எடுப்பேன்” என்றார்.

கட்டட வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கொத்துவேலை சொல்லிக்கொடுத்தால் தமிழ்நாட்டில் உடனே நினைவுக்கு வருவது 1953ஆம் ஆண்டு. ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி போனார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பால் பள்ளிக்குள் நிலைத்த கோடிப் பேரில் என் குடும்பமும் உண்டு. அதனால், இதுவும் குலக்கல்விதானே என்று கேட்டே விட்டேன். கொத்தனாரக்கா கோபப்படவில்லை. “என் பொண்ணு நர்ஸு சார். இந்தப் பசங்க சட்டி தூக்கணும்னு நான் இங்க வரல. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேல பாத்தவங்க புள்ளையும் எங்க ஊருப் புள்ளையும் சேந்துதான் மட்டம் புடிக்குது. எது முதலாளி முனை, எது சித்தாளு முனைன்னு இங்க கெடையாது, மாத்தி மாத்தித்தான் புடிக்கணும்.” குலக்கல்வி பிறப்பைப் பார்த்து வேலையைக் கொடுத்தது. இங்கே வேலை எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது, அதன் வழியாகக் கணக்கு உள்ளே வருகிறது. இந்த வித்தியாசம் ஒரு பள்ளியில் உயிரோடு இருக்கிறதா என்பதை, யாருடைய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இனிப் பணத்தைப் பேசியாக வேண்டும். “கொத்தனாருக்கு ஆயிரம்னா எனக்கு அறுநூறு. அதுலயும் மேஸ்திரிக்குக் கமிசன்.” மேஸ்திரி செங்கல் சுமக்கவில்லை, கலவை போடவில்லை. ஆளைக் கூட்டிவந்தேன் என்ற ஒன்றுக்காகப் பதினெட்டு வருடமும் ஒரு பெண்ணின் கூலியிலிருந்து பிடித்துக்கொண்டார். ஆசிரியர் ஆவதற்கான பாதையிலும் இப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் கல்வியை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று அதை மேற்கோள் காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. விற்றவர்களுக்கு எந்தத் தேர்வும் இல்லை. வாங்கியவர்கள்தான் டெட் எழுதுகிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கு 2012இல் தமிழ்நாடு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஓவியம், தையல், இசையோடு கட்டடக்கலைக்கும் ஆள் உண்டு. ஆரம்பத்தில் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை வீதிக்கு வந்திருக்கிறார்கள். கைத்தொழிலுக்குப் பள்ளியில் இடம் உண்டு என்று அரசுக்கே தெரியும். அதற்கு ஒழுங்கான சம்பளம் உண்டென்பதுதான் தெரியவில்லை.

மாற்றுப் பள்ளிக்காரர்களையும் விட்டுவிட முடியாது. இந்தப் பள்ளியில் சம்பளம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று, எல்லோருக்கும் குறைவு. வருங்கால வைப்பு நிதி கிடையாது. மென்பொருள் வேலையை விட்டு வந்தவருக்கு அது எளிமை. கொத்தனாரக்காவுக்கு அது வேறு வழியின்மை. 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர் உறுப்பினராக இருந்தவர். அறுபது வயதில் ஓய்வூதியம் வந்திருக்கும். “இப்ப நான் கட்டட வேல செய்யறதில்லையே, பொய் சொல்லிப் புதுப்பிக்க மனசு வரல” என்று அட்டையை விட்டுவிட்டார். ஆக, கட்டடத் தொழிலாளி என்ற கணக்கிலும் அவர் இல்லை, ஆசிரியர் என்ற கணக்கிலும் இல்லை.

டெட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடைக்கோடி கிராமத்தின் ஏழைப் பிள்ளைக்குத் தகுதியுள்ள ஆசிரியரை உறுதிசெய்ய ஏதோ ஒரு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில், கை அறிந்த ஒருவரைச் சோதித்துப் பார்த்து, மரியாதையான சம்பளத்தோடு உள்ளே சேர்க்கும் வாசல் ஒன்றும் வேண்டும். அது இல்லாதவரை இவர்களுடைய வேலை யாரோ செய்யும் தர்மத்தில்தான் ஓடும்.

கொத்தனாரக்கா இப்போது திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதுக்குப் பணம் கட்டியிருக்கிறார். டெட் இளைஞர்தான் சாயங்காலத்தில் அவருக்குப் பாடம் சொல்கிறார். முடித்துவிட்டு டெட் எழுதுவீர்களா என்றேன்.

“அதுக்கு அப்புறம் பன்னெண்டாவது, டீச்சர் டிரெய்னிங்கு, அப்புறம் டெட்டு. எனக்கு அறுபது ஆயிரும் சார். நான் அதுக்குப் படிக்கல. வட்டத் தொட்டி கட்டினோம். எத்தினி கல்லு வேணும்னு கணக்குப் போடறப்ப, கொத்தனாருங்க சொல்ற மாதிரி, குறுக்களவுல மூணு மடங்கு, அதுக்கு மேல கொஞ்சம்னு சொன்னேன். ‘அந்தக் கொஞ்சம் எத்தினிக்கா?’ன்னு ஒரு பொண்ணு கேட்டுட்டா.”