ஓர் ஆணி அடிக்கும் உரிமை

2023 ஒக்டோபர் இறுதி வாரத்தில் லண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள தொடர்மாடி ஒன்றில் நானும் மனைவியும் குடிபுகுந்தோம். அவருக்கு இங்கே தாதியாக வேலை கிடைத்திருந்தது. முப்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகமே வீடென்று கிடந்த எனக்கு, மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளைக் காவல் காக்கும் உத்தியோகம்.

வீட்டு முகவர் ஒரு பட்டியலுடன் வந்தார். சுவரிலிருந்த கீறல், கம்பளத்திலிருந்த கறை, மின்மானியின் இலக்கம் என யாவும் அதில் பதிவாகியிருந்தன. ஐந்து வார வாடகையை வைப்புப் பணமாகக் கட்டினோம். அதற்கு மேல் கேட்கக் கூடாதென்பது இங்கிலாந்தில் 2019 முதல் நடைமுறையிலுள்ள சட்டம். ஒப்பந்தத்தில் ஒரு வரி: அனுமதியின்றிச் சுவரில் ஆணி அடிக்கலாகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருள் சூழ்ந்தது. ஊரில் மேற்குப் பக்கமாக நின்று தொழுது பழகிய நான், தென்கிழக்கு நோக்கித் தொழுகை விரிப்பை விரித்தேன். பெட்டிக்குள் சேலைகளுக்கிடையே சுற்றிக் கொண்டுவந்த வாப்பாவின் சுவர்க்கடிகாரம் தரையில் சாய்ந்து கிடந்தது. அதை மாட்ட ஓர் ஆணி வேண்டும். திகதியைப் பார்த்தேன்: ஒக்டோபர் 30.

1990ஆம் ஆண்டு இதே நாளில்தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். மன்னார், முல்லைத்தீவு உள்ளிட்ட வடக்கின் பிற பகுதிகளிலிருந்தும் அம்மாதத்தில் மக்கள் துரத்தப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது எங்கள் புத்தளம் மாவட்டத்துக்கு. அவர்கள் விட்டுவந்தவற்றுக்குப் பட்டியல் எழுத எந்த முகவரும் வரவில்லை.

கனமூலையில் எங்கள் தென்னந்தோட்டத்தின் ஓரத்திலும் சில குடும்பங்கள் கிடுகுக் கொட்டில் போட்டன. வாப்பா வாடகை கேட்கவில்லை. உம்மா கிணற்றைத் திறந்துவிட்டார். அவர்களுள் சோனகத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண்மணியை நாங்கள் யாழ்ப்பாணத்துச் சாச்சி என்போம். இரண்டாவது மாரி தொடங்கிய வேளை அவர் வாப்பாவிடம் கேட்டார்:

“நானா, வாசலில் ஒரு தென்னம்பிள்ளை வைக்கட்டுமா?”

வாப்பா சற்று யோசித்தார். “கொட்டில் எத்தனை நாளைக்கும் இருக்கட்டும் தங்கச்சி. பிள்ளை மட்டும் வைக்க வேண்டாம்.”

காணி உரிமையாளரின் கவலை அது. கிடுகுக் கொட்டிலை ஒரு நாளில் பிரித்துவிடலாம். மரம் வளர்ந்துவிட்டால் பின்னாளில் காணிக்கே வழக்கு வரலாம். வாப்பா தீயவரல்லர். அவ்வளவு இடங்கொடுத்தவர் வேறொருவர் அவ்வூரில் இருந்ததாக நினைவில்லை. அருகில் நின்ற நான், அவர் சொன்னது நியாயமென்றே எண்ணினேன். பின்னர் பத்திரிகையாளனாகி, அகதி முகாம்கள் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதினேன். குடும்பங்களை எண்ணினேன், நிவாரண அரிசியை எண்ணினேன். இந்தத் தென்னம்பிள்ளையை ஒருபோதும் எழுதவில்லை.

சாச்சியின் பிள்ளைகள் உழைத்துச் சற்றுத் தொலைவில் சிறு காணி வாங்கினார்கள். 2007இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தபோது அவர்களிடம் காணி இருந்தது. அதில் ஏற்கெனவே தென்னையும் நின்றது. வாப்பா மௌத்தானபோது அந்த மரத்து இளநீரைக் குலையாக வெட்டிக்கொண்டு சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இடங்கொடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் கொடுத்த இடத்தில் ஒன்றை ஊன்ற விடாதவரை, வந்தவர் ஒவ்வொரு நாளும் புறப்படத் தயாராகவே இருக்க வேண்டியிருக்கிறது. இதை அறிய எனக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளும் ஒரு வாடகை ஒப்பந்தமும் தேவைப்பட்டன. சாச்சியோடு என்னை ஒப்பிடவும் எனக்குத் தகுதியில்லை. நான் விரும்பி வந்தவன். திரும்பிப் போக வீடுள்ளவன்.

அன்றிரவே முகவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரேயோர் ஆணி, போகும்போது துளையை அடைத்துத் தருவேன் என்றேன். நான்காம் நாள் பதில் வந்தது: அனுமதி உண்டு.

ஆணியை அடித்துக் கடிகாரத்தை மாட்டினேன். பிறகு ஊருக்குத் தொலைபேசி எடுத்து, சாச்சியின் மகனிடம் அந்தத் தென்னை இன்னும் காய்க்கிறதா என்று கேட்டேன்.

“காய்க்குது நானா. ஏன் கேட்கிறீங்க?” என்றார்.

வாப்பா சொன்ன அந்த ‘வேண்டாம்’ பற்றி அப்போதுதான் முதன்முறையாக அவரிடம் பேசினேன்.