கட்டத்துக்குள் ஒரு மூன்று

2024 ஜூலை 8, திங்கள்

கன்டெய்னர் யார்டில் காலையிலிருந்தே சிஸ்டம் டவுன். கேட் பாஸ் எல்லாம் கையால்தான் எழுதினேன். ஒரு பெட்டிக்கு 305438 என்று எழுத வேண்டியதை 305483 என்று எழுதிவிட்டேன். துறைமுக கேட்டில் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டார்கள். திருத்திய சீட்டு போய்ச் சேர நாலு மணி நேரம் ஆயிற்று. எண்ணூர் விரைவுச் சாலையில், நிழலே இல்லாத இடத்தில் அந்த டிரைவர் அண்ணன் காத்துக் கிடந்திருக்கிறார். நல்லவேளை, கப்பலுக்கான கட்-ஆஃப் நேரத்துக்குள் பெட்டி உள்ளே போய்விட்டது. "இனிமே பார்த்து எழுதுங்கம்மா" என்றதோடு சூப்பர்வைசர் விட்டுவிட்டார்.

நான் விடவில்லை. ஷேர் ஆட்டோவில் சடையங்குப்பம் வந்து இறங்கும்வரை உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது: "தண்டம். ஆறு நம்பரைப் பார்த்து எழுதத் துப்பில்லை. பன்னிரண்டு வருஷமா என்னத்தைக் கிழிச்சே?" கேட்டதை அப்படியே எழுதிவைக்கிறேன். இந்தச் சொற்களை இன்றுவரை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ராத்திரி இரண்டரைக்கு விழிப்பு. ஒரு தப்பு தனியாக வருவதில்லை, பழசையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுகிறது. நேற்றையது 2023 டிசம்பர் 4-ஐக் கூட்டி வந்தது. மிக்ஜாம் புயல். மகளின் மார்க் ஷீட் பையைப் பரணில் ஏற்றாமல் கட்டிலுக்கடியில் விட்டவள் நான்தான். தண்ணீர் வடிந்தபின் எடுத்துப் பார்த்தால், தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழிந்தது. மை நீலமாக ஓடி என் விரலில் ஒட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பூண்டி, புழல் ஏரிகளிலிருந்து உபரிநீர் திறக்கும்போதெல்லாம் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். அந்தப் பட்டியலில் கடைசிப் பக்கம் எங்கள் ஊர் பெயர் இருக்கும். கொசஸ்தலையாற்று வெள்ளத்துக்கும் புழல் உபரிநீருக்கும் கடலுக்குப் போக எங்கள் ஊர்ப்பக்கம்தான் வழி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எல்லாம் பீரோவோடு போயிற்று. அவரைப் பார்த்து "உன் அஜாக்கிரதை" என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பையைக் கீழே விட்டது என் தப்பு, மறுக்கவில்லை. வெள்ளம் என் தப்பில்லை. இரண்டையும் ஏழு மாதமாக ஒரே கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

மகள் உளவியல் படிக்கிறாள். என்னையே திட்டிக்கொள்வதைச் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் 2003-லேயே, தப்பு செய்தபின் தன்னைத் தானே எப்படி நடத்துவது என்பதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். தன்னிடம் கனிவு, தவறுவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்ற நினைவு, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது என்று மூன்று சொல்கிறார். தமிழில் இதைத் தன்னிரக்கம் என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே மூலையில் உட்கார்ந்து அழுவதுதான் நினைவுக்கு வருகிறது. நான் பரிவு என்றே வைத்துக்கொள்கிறேன்.

"திட்டலேன்னா எனக்கு அக்கறை விட்டுப்போயிடும்டி" என்றேன். என் உண்மையான பயம் அதுதான். அவள் ஒரு சோதனையைச் சொன்னாள். 2012-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் வெளியிட்டது. கஷ்டமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் பரிவாக நடந்துகொள்ளச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்களாம். "உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தா, தப்பைத் திருத்த நேரம் எங்கம்மா இருக்கு?" என்றாள்.

தூக்கம் தொடர்ந்து கெட்டால் பேசச் சொல்லி, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ என் போனில் போட்டுவைத்தாள். தமிழிலேயே பேசலாமாம்.

ஜூலை 13, சனி

மதியம் வண்டி குறைவு. கன்டெய்னர் கதவில் ஏழாவதாக, ஒரு கட்டத்துக்குள் தனியாக நிற்கும் அந்த எண் எதற்கென்று பழைய சர்வேயரிடம் கேட்டேன். தினம் பார்ப்பதுதான், இதுவரை கேட்டதில்லை. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினார். எண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுக்க வேண்டும். மீதிதான் கட்டத்துக்குள் இருப்பது. திங்கட்கிழமைப் பெட்டிக்குப் போட்டுப் பார்த்தோம். சரியான எண்ணுக்கு மீதி 3. கட்டத்திலும் 3. நான் எழுதிய எண்ணுக்கு மீதி 10.

சிஸ்டம் ஓடியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கும். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போகும் பெட்டியிலும் ஐ.எஸ்.ஓ. 6346 விதிப்படி இந்த எண் இருக்கிறது. யாராவது இடம் மாற்றி எழுதத்தான் செய்வார்கள் என்று, நான் வேலைக்கு வருவதற்கு எவ்வளவோ முன்பே யோசித்து அதற்கென்று ஓரிடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கதவில் கைவைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். இரும்பு சுட்டது.

ஜூலை 15, திங்கள்

அதே டிரைவர் அண்ணன் வந்தார். "அன்னிக்கு என்னாலதான் நீங்க வெயில்ல நின்னீங்க, மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். ஒரு வாரமாக என்னை நானே திட்டியதில் இந்த ஒரு வரி இல்லை. "அதான் முடிஞ்சுபோச்சே, தங்கச்சி. சோறு கட்டிக்கிட்டுதான் வந்திருந்தேன்" என்றார்.

இன்றைக்கும் கையெழுத்துச் சீட்டுதான். அவர் கதவருகே நின்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி எழுதினேன். சீல் நம்பரில் ஓரிடம் தப்பியது. அடித்து, மேலே திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். உள்ளே குரல் வந்தது. "பார்த்து" என்று மட்டும் சொன்னது. சீட்டைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். பின்னால் மூன்று வண்டி நின்றது.