வலிமையும் உரமும்

வலியது முறியாது என்பர் பலர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. பாரந் தாங்குவது வலிமை. விரிசலுற்ற பின்னும் திடீரெனப் பிளவாது நிற்பது உரம்.

1943ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் துறையோரம் நின்றவாறே ஏறத்தாழ இரண்டாய்ப் பிளந்தது. புயலுமில்லை, பகைவர் குண்டுமில்லை. பற்றவைப்பில் இருந்த குறையினின்று எழுந்த விரிசல் தகடுகளூடே தடையின்றி ஓடிற்று. இத்தகைய முறிவுகளைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார், குளிரில் அவ்வெஃகு கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை எய்துவதை விளக்கினார். பிளந்த தகடுகளினின்று வெட்டிய துண்டுகளைக் கீறி, ஊசற் சம்மட்டியால் அடித்து முறிக்கும் சார்ப்பி சோதனையில் அமெரிக்க ஆய்வாளர் அளந்தனர். 15 அடி-பவுண்டு, ஏறத்தாழ 20 ஜூல், என்னும் வரம்பு அதனாற் பிறந்தது.

ஆதலின், நண்பர்காள், எத்துணை உரம் என்பதோடு எவ்வெப்பநிலையில் என்றும் வினவுமின். வெயிலில் தேறிய எஃகு பனியில் தவறலாம். அளவிறந்த உரமும் வேண்டா. அதன் விலை பெரிது. கண்ணுக்குத் தப்பிய விரிசல் ஒன்று உண்டெனவே கொண்டு, மிகக் குளிர்ந்த நாளிலும் அதனைத் தாங்கும் அளவைக் குறிப்பதே அறிவுடைமை என்பது எம் துணிபு. மாந்தர் உயிர் அத்தகட்டின்மேல் நிற்கின்றதன்றோ!