மலை மேல் ஒரு தாமான்: புக்கிட் அந்தாராபங்சா

பெயர் பெரிது, ஊர் சிறிது. புக்கிட் அந்தாராபங்சா என்றால் அனைத்துலக மலை. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் மாநகரவாசிகள் பலர் ஒரு தடவைகூட மேலே ஏறிப் பார்த்ததில்லை. வானொலியில் காலை நேரச் சாலை நிலவரம் வாசிக்கும் எனக்கும் பல வருடங்களாக உலு கிள்ளான் என்பது எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையின் நெரிசலுக்கு இன்னொரு பெயர் மட்டுமே. அந்த நெரிசலில் நிற்கும் கார்களில் பல இந்த மலையிலிருந்து இறங்கி வருபவை.

நான் தெலுக் பங்லிமா காராங்வாசி. எங்கள் பக்கம் நிலம் தட்டு மாதிரி. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. மேடு என்று சொன்னால் லங்காட் ஆற்றோரத்து அணைக்கரைதான். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி, கியரைக் குறைத்துக் குறைத்து மலையேறும் ஓர் ஊருக்குப் போவது எனக்கு வெளிநாடு போவது மாதிரிதான்.

உலுவும் குவாலாவும்

மலாய்மொழியில் உலு என்றால் ஆற்றின் மேற்பகுதி, குவாலா என்றால் முகத்துவாரம். நான் வசிப்பது குவாலா லங்காட் மாவட்டம். புக்கிட் அந்தாராபங்சா இருப்பது உலு கிள்ளான். கிள்ளான் ஆறு பிறப்பது இந்த மலைகளுக்குப் பின்னால் உள்ள காட்டில். தலைநகருக்குக் குடிநீர் தரும் கிள்ளான் கேட்ஸ் அணை 1958இல் இங்கேதான் கட்டி முடிக்கப்பட்டது. 1963இல் திறக்கப்பட்ட தேசிய விலங்கியல் பூங்காவும் பக்கத்தில்தான். அருகில் உள்ள யூக்கே ஹைட்ஸ் என்ற பெயரைக் கேட்டு இங்கிலாந்து என்று நினைத்துவிடாதீர்கள். உலு கிள்ளான் என்பதன் முதலெழுத்துகள்தான் அந்த ‘யூ.கே.’

மலையடிவாரத்தில் நம்மவர்கள் கதையும் உண்டு. இன்று அடுக்குமாடிகளும் எல்ஆர்டி நிலையமும் நிறைந்த வங்சா மாஜு, 1980களுக்கு முன் ஹாவ்தோர்ண்டன் ரப்பர் தோட்டமாக இருந்தது. மலை மேல் ஒரு கொண்டோவின் காவல் கூண்டில் இருந்த பெரியவர், தாம் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்றார். “இப்ப ரயில் ஓடுற பக்கமெல்லாம் எங்க அம்மா பால் மரம் வெட்டுன நிரைதான் தம்பி. அந்தக் காலத்துல இந்த மலைக்கு விறகுக்கு வருவோம். குடியிருக்க யாரு வருவா?”

மேலே ஒரு காலை

ஏறுவதற்குப் பிரதானச் சாலை ஒன்றுதான். வளைந்து வளைந்து போகிறது. இருபுறமும் பங்களாக்கள், கொண்டோக்கள், இடையிடையே சிமெண்டு பூசிய சரிவுகள். காலை ஏழு மணிக்குள் பள்ளிப் பேருந்துகளும் கார்களும் இறங்கிவிடுகின்றன. எட்டரைக்கு ஊர் அமைதியாகிவிடும். அப்போது கேட்கும் சத்தம் பறவைகளும் குரங்குகளும்தான். குப்பைத் தொட்டி மூடியில் கல் வைத்திருக்கிறார்கள். அதையும் தள்ளிவிட்டுச் சாப்பிடும் கெட்டிக்காரக் குரங்குகள் இவை.

ஒரு திருப்பத்தில் நின்றால் மேற்கே இரட்டைக் கோபுரம். வடக்கே புக்கிட் தாபூரின் வெள்ளை முகடு. 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்தப் படிகப் பாறைத் தொடர், உலகின் மிக நீளமான படிகப் பாறைத் தொடர்களில் ஒன்று. கிழக்கே பார்த்தால் காடு, காடு, காடு.

இருபது வருடங்களுக்கு மேலாக இங்கே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் தேநீர் கிடைத்தது. “கீழே வெக்கை, மேலே காத்து. அதுக்காகத்தான் வந்தோம் தம்பி” என்றார். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தோள்பை தொங்கியது. வீட்டுப் பத்திரம், கடப்பிதழ், மருந்து, டார்ச் லைட். மழைக்காலம் முடியும்வரை அது அங்கேயே தொங்குமாம்.

மண் நகர்ந்த நாள்கள்

அந்தப் பைக்குக் காரணம் இருக்கிறது. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல். அடிவாரத்தில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று கட்டடங்களில் ஒன்று, 12 மாடியும் மொத்தமாகச் சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். பல நாள் மழை. பின்னால் இருந்த மலைச்சரிவில் திசை திருப்பப்பட்ட ஓடை. தாங்காமல் போன தடுப்புச் சுவர்கள். நகர்ந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தையே தள்ளிவிட்டது. மற்ற இரு கட்டடங்களில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். மீண்டும் குடியேறவே இல்லை. அந்த இரண்டும் செடி கொடி மூடிப் பல வருடங்கள் நின்றன. பேய் பார்க்கப் போன இளைஞர்கள் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது பேயை அல்ல, பின்னால் இருக்கும் சரிவை.

அதோடு முடியவில்லை. 1999 மே மாதம் மண் சரிந்து சாலை அடைபட்டது. மேலே இருந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 2002 நவம்பரில் தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா புதைந்து 8 பேர் மாண்டனர். 2008 டிசம்பர் 6, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன், அதிகாலையில் ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது தாமான் புக்கிட் மேவாவில் 14 பங்களாக்கள் மண்ணோடு போயின. ஐவர் இறந்தனர். மறுபடியும் அதே ஒற்றைச் சாலை அடைபட்டு, ஆயிரக்கணக்கானோர் மலை மேல் தவித்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் குற்றவாளிகள் கிட்டத்தட்ட ஒரே கூட்டம்தான்: தளர்ந்த மண், நீடித்த மழை, அடைத்துக்கொண்ட வடிகால், கசியும் குழாய். மலை தானாக விழுவது அரிது. மண்ணுக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாதபோது அது மண்ணையும் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறது.

யார் பொறுப்பு?

ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் 2000இல் உயர் நீதிமன்றம் மேம்பாட்டாளர் உள்ளிட்ட பலரைப் பொறுப்பாக்கியது. நகராண்மைக் கழகத்தின் பங்கு பற்றிய வாதம் மேலே போனது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)ஆம் பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று தீர்ப்பளித்தது. சாதாரண வார்த்தையில் சொன்னால், வீட்டுக்கு அனுமதி கொடுத்தவர் மீது வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். வாங்குபவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. 2004இல் பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியல் பிரிவு தொடங்கப்பட்டது. 35 பாகைக்கு மேற்பட்ட சரிவு நான்காம் வகுப்பு, மிக ஆபத்தானது என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. மலைவாசிகளே ‘ஸ்லோப்வாட்ச்’ என்ற கண்காணிப்புத் திட்டத்தையும் நடத்துகிறார்கள். ஆனால் 2022 மார்ச் 10இல் அம்பாங் தாமான் புக்கிட் பெர்மாயில் மண் சரிந்து நால்வர் இறந்தார்கள். பழைய சரிவுகளுக்குப் புதிய விதிகள் தெரியாது. இதற்கிடையே இந்தப் பக்கத்துக் காட்டோரத்தில் கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலைக்காகவும் மலை வெட்டப்பட்டது.

வீடு வாங்கும் முன்

நம்மவர்களில் பலர் இப்போது மேட்டு வீடு தேடுகிறார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் காற்றோட்டமான வீடு வாங்குவதில் தப்பே இல்லை. விற்பனை அலுவலகத்துப் படத்தில் வீட்டின் முன்பக்கம் இருக்கும். நீங்கள் போய்ப் பின்பக்கம் பாருங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய வைத்த துளைகள் அடைபட்டிருக்கின்றனவா? சுவரிலோ சாலையிலோ புதிய விரிசல் உண்டா? சரிவில் மரங்கள், விளக்குக் கம்பங்கள் சாய்ந்திருக்கின்றனவா? சரிவைப் பராமரிப்பது யார், அதற்குச் செலவு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காவல் கூண்டுப் பெரியவரின் முறை இன்னும் எளிது. “ரெண்டு நாள் விடாம பேஞ்சா நான் லோங்காங்கத்தான் பார்ப்பேன். தண்ணி தெளிவா ஓடுனா கவலையில்ல. பால் ஊத்துன டீ மாதிரி வந்தா மேல எங்கயோ மண்ணு கரையுதுன்னு அர்த்தம். உடனே ஆபீசுக்குப் போன் போட்டுருவேன்.”

எங்கள் குவாலா லங்காட்டில் கடல் பெருக்கு வரும் நாளை அட்டவணை பார்த்தே சொல்லிவிடலாம். மலைக்கு அப்படி அட்டவணை கிடையாது. அதனால்தான் லோங்காங்கைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போய்ப் பாருங்கள். காற்றும் காட்சியும் இலவசம். இறங்கி வரும்போது சரிவு வெட்டிய பக்கத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.